'சாதாரண' சாப்பாட்டுக்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

வணக்கம். கோத்தகிரியில் அக்கா வீட்டு மாடியில் இரண்டு அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு விடுகிறோம். "இங்கே சாதாரண வீட்டுச் சாப்பாடுதான்: சோறு, அவரைக் குழம்பு, சாயங்காலம் டீயும் வர்க்கியும்" என்று ஆங்கிலத்தில் ஒரு பலகை எழுத வேண்டும். அந்தச் 'சாதாரண'வில்தான் இரண்டு நாளாக நிற்கிறேன்.

முதலில் 'ஹோம்லி' என்று எழுதினேன். நமக்கும் பிரிட்டன்காரருக்கும் அது வீட்டு இதம். அமெரிக்காவிலோ, அழகில்லாத முகத்தைத்தான் பெரும்பாலும் அப்படிச் சொல்வார்கள். 'ஆர்டினரி' தப்பில்லை, ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால் போட்டால் 'சுமார்தான்' என்று தொனிக்கிறது. 'ப்ளெயின்' என்றால் காரம், மசாலா இல்லாதது. அக்கா குழம்புக்கு அது பொய். 'மண்டேன்' லத்தீனில் 'உலகம்' என்ற சொல்லிலிருந்து வந்ததாம், எவ்வளவு அழகு! ஆனால் இன்று அதற்குச் சலிப்பு என்றுதான் பொருள். 'காமன்' வேண்டவே வேண்டாம்.

மிச்சம் இருப்பவை 'சிம்பிள்', 'எவ்ரிடே'. தினமும் நாங்கள் சாப்பிடுவதையே உங்களுக்கும் தருகிறோம் என்ற அன்பு இரண்டாவதில் இருப்பதாக எனக்குப் படுகிறது. சரியா? ஆங்கிலம் கற்பிப்பவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். சனிக்கிழமை பலகையைப் பெயின்டரிடம் கொடுக்க வேண்டும்.