சாத்தானையும் நம்பாதவன், கிறிஸ்தவ மெட்டலையும் கேட்டவன்: உங்கள் அனுபவம் என்ன?

எங்கள் வீட்டில் யாருக்கும் கடவுள் நம்பிக்கை கிடையாது, எனக்கும் இல்லை. ஆனாலும் ஸ்ட்ரைப்பர் என்ற அமெரிக்க கிறிஸ்தவ மெட்டல் (அதிரடி ராக் இசை) குழு என்றால் உயிர். கல்லூரி விடுதியில் அறைத்தோழனின் கணினியில் அவர்களுடைய 1986 ஆல்பம் 'டு ஹெல் வித் த டெவில்' ஓடிக்கொண்டிருந்தது. தலைப்பைப் பார்த்து ஏதோ சாத்தான் சமாச்சாரம் என்று நினைத்தேன். "பிசாசை நரகத்துக்குப் போடான்னு விரட்டுறாங்கடா" என்றான் அறைத்தோழன். இரண்டு கிடார்களும் கைகோத்து ஓடும் இடங்களிலும், மைக்கேல் ஸ்வீட்டின் உச்சக்குரலிலும் அன்றே விழுந்துவிட்டேன்.

மஞ்சளும் கறுப்புமாய்ப் பட்டை போட்ட உடை எதற்கு என்று கேட்டேன். தமிழ் வேதாகமத்தை எடுத்து ஏசாயா 53:5-ஐக் காட்டினான். "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்." அந்தத் தழும்புக்குப் பழைய ஆங்கில பைபிளில் 'ஸ்ட்ரைப்ஸ்' என்ற சொல், சாட்டை பட்ட வரிகள். குழுவின் சின்னத்தோடு இந்த வசன எண்ணையும் போடுவார்களாம். ஆங்கிலத்தில் அது எனக்கு வெறும் கோடு. தமிழில் படித்தபோதுதான் வலித்தது. நம்பிக்கை வரவில்லை, ஆனால் அந்த உடையை அதற்கப்புறம் வேடமாகப் பார்க்க முடியவில்லை.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

பதில்:
நான் விசுவாசி. எனக்குத் திட்டு விழுந்ததே சபையில்தான். "இது பிசாசின் சத்தம்" என்றார் ஒரு பெரியவர். ஸ்ட்ரைப்பரும் இதை அனுபவித்தவர்கள். மேடையிலிருந்து புதிய ஏற்பாட்டுப் புத்தகங்களைக் கூட்டத்துக்குள் வீசுவார்கள். அதையே தொலைக்காட்சிப் பிரசங்கியார் ஜிம்மி ஸ்வாகர்ட் கண்டித்தார். இன்னொரு விஷயம். பி.ஓ.டி. என்ற இன்னொரு கிறிஸ்தவக் குழுவின் 'அலைவ்' பாட்டை எனக்கு முதலில் போட்டுக் காட்டியது அலுவலகத்தில் பக்கத்து இருக்கை முஸ்லிம் தோழி. நோன்பு மாதம் முழுக்க அவள் பாட்டே கேட்கமாட்டாள். பெருநாள் முடிந்து வேலைக்கு வரும் அன்று ஹெட்போனில் ஒரு பக்கத்தை என்னிடம் நீட்டுவாள், இந்தப் பாட்டுதான் ஓடும்.

பதில்:
நான் பிளாக் மெட்டல் ஆள், அதாவது சாத்தானைப் பாடுவதற்குப் பேர்போன மெட்டல் வகை. நார்வேயில் 1992-இல் ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயத்தை எரித்தார்களே, அந்த வட்டாரத்து இசையில் ஊறியவன். ஒருநாள் ஹோர்ட் என்ற பெயரில் ஓர் ஆல்பம் கிடைத்தது. அதே கிறீச்சிடும் குரல், அதே இரைச்சல் கிடார், மூச்சுவிடாத டிரம்ஸ். பாதிக்கு மேல் கேட்ட பிறகுதான் வரிகளைத் தேடிப் படித்தேன். அத்தனையும் சாத்தானுக்கு எதிரான பாட்டு! ஆஸ்திரேலியாவின் ஜேசன் ஷெர்லாக் தனியாளாக எல்லாவற்றையும் வாசித்துப் பாடி, 1994-இல் 'அனானிமஸ்' என்ற பெயருக்குப் பின்னால் நின்று வெளியிட்டது.

கொஞ்ச நேரம் கோபமாகவே இருந்தது. அப்புறம் யோசித்தேன்: இத்தனை வருஷம் கேட்ட மற்ற குழுக்களின் சாத்தானை நான் என்றைக்கு நம்பினேன்? சரி என்று மிச்சப் பாட்டுகளையும் போட்டேன். இரவு இரண்டு மணி, சத்தத்தைக் குறைக்கவில்லை.