புதுப்பிப்பு: 32 வாரத்தில் பிறந்த பிள்ளை, எடை ஏறாதது, பால்மா கேள்வி

முன்னர் கேட்டது இதுதான்: 32 வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு எடை மெதுவாகவே ஏறுகிறது, டொக்டர் பால்மா தொடங்கச் சொல்கிறார், தாய்ப்பால் மட்டும் போதுமா? பதில் எழுதிய எல்லோருக்கும், முக்கியமாக முல்லைத்தீவு மருத்துவமாது அக்காவுக்கு, நன்றி. இப்போது எடை ஒழுங்காக ஏறுகிறது. பால்மா தேவைப்படவில்லை.

கைகொடுத்தது அக்கா சொன்ன வழிதான்: பாலூட்டி முடிந்ததும் கையால் பீய்ச்சி, அதையும் கோப்பையால் பருக்குவது. குறைமாதப் பிள்ளை களைத்து நித்திரையாகிவிடும். கடைசியில் வரும் கொழுப்புக் கூடிய பால் மார்பிலேயே தங்கிவிடும். ஆகவே அரை மணித்தியாலத்துக்கு மேல் இழுக்காமல், உறிஞ்சல் தளரும்போது மார்பை மெல்ல அழுத்திக் கொடுக்க வேண்டும். கோப்பையால் கொடுக்கும்போது பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, விளிம்பைக் கீழுதட்டில் வைத்து, தானாக நக்கிக் குடிக்க விடுங்கள். வாயில் ஊற்றினால் புரைக்கேறும். இரவிலும் 3 மணித்தியாலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். வன்னி வெக்கைக்குப் பீய்ச்சிய பாலை வெளியே வைக்காமல் உடனே கொடுப்பதே நல்லது.

எதிர்பாராதது ஒன்று. டொக்டரோடு இருந்த முரண்பாட்டில் பாதி வளர்ச்சி வரைபடத்தில்தான் இருந்தது. பிறந்த நாளிலிருந்து வயதைக் கணக்கிட்டிருந்தார்கள். முன்கூட்டிப் பிறந்த 8 வாரத்தை வயதிலிருந்து கழித்துவிட்டுக் குறித்ததும் பிள்ளை அவ்வளவு பின்தங்கவில்லை என்று தெரிந்தது. ஒரே தராசில், உடுப்பில்லாமல், கிழமைக்கு ஒருமுறை நிறுப்பதென்று அவரும் ஒத்துக்கொண்டார்.

அவர் தந்த இரும்புச்சத்துத் துளி மருந்தை நிறுத்தவில்லை. குறைமாதப் பிள்ளைக்குத் தாய்ப்பாலில் உள்ள இரும்பு போதாது. சிறுநீர் குறைந்தாலோ, பிள்ளை சோர்ந்து பாலை மறுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அந்த நேரத்தில் பால்மா வேண்டாமென்று வாதாடக்கூடாது.