மிதிவண்டியில் பறவை பார்க்கப் போகும்போது கேமராவை எங்கே வைப்பது?

பெரும்பாக்கத்துக் கொக்கு (கேள்வி)

நண்பர்களுக்கு வணக்கம். நான் மேடவாக்கத்தில் வசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் விடிவதற்கு முன்பே மிதிவண்டியில் கிளம்பிப் பெரும்பாக்கம் ஏரி, பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், நேரம் இருந்தால் கேளம்பாக்கம் உப்பங்கழி என்று பறவை பார்க்கச் செல்வது வழக்கம். என்னிடம் இருப்பது நிக்கான் டி5600 கேமராவும், அதற்கேற்ற டிஎக்ஸ் வகை 70-300 மி.மீ. லென்ஸும். இரண்டும் சேர்ந்தே 900 கிராமுக்குள் அடங்கிவிடுவதால் எடையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை; அதை எங்கே வைப்பது என்பதில்தான் குழப்பம்.

இப்போது முதுகுப் பையில் கொண்டு போகிறேன். மார்கழிக் காலையிலும்கூட அரை மணி நேரம் மிதித்தால் சட்டையோடு பையின் உட்புறமும் ஈரமாகிவிடுகிறது. அதைவிடப் பெரிய தொல்லை, சாலையோரத்துக் குட்டையில் நத்தைகுத்தி நாரை ஒன்று நிற்பதைப் பார்த்து வண்டியை நிறுத்தி, பையைக் கழற்றி, ஜிப்பைத் திறந்து, கேமராவை வெளியே எடுப்பதற்குள் அது பறந்துவிடுகிறது. கேரியரில் ஒரு பெட்டியை வைத்துக் கட்டிவிடலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். என்னுடையது சஸ்பென்ஷன் இல்லாத சாதாரண கியர் வண்டி. பருவம் தொடங்கியதும் வேடந்தாங்கல் வரை சென்று வரவும் எண்ணம் உண்டு; போக வர 150 கிலோமீட்டர் அளவில் வரும். கேரியரில் வைத்தால் கேமராவுக்கு உண்மையிலேயே கேடு உண்டா, அல்லது இது வீண் அச்சமா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

திருப்புளி

வணக்கம். கேமரா, லென்ஸ் பழுதுபார்ப்பது என் தொழில் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

கேரியர் வேண்டாம். மிதிவண்டியில் கேரியரின் கால்கள் பின்சக்கரத்தின் அச்சுக்குப் பக்கத்திலேயே முறுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது டயரில் உள்ள காற்றைத் தவிர வேறு எதுவும் அந்த அதிர்ச்சியைத் தணிப்பதில்லை, மீதி முழுவதும் பெட்டிக்குள் போய்விடுகிறது. அதே பள்ளத்தில் நாம் என்ன செய்கிறோம் என்று கவனித்தால், நம்மை அறியாமலேயே இருக்கையிலிருந்து சற்றே எழுந்து, முழங்காலையும் முழங்கையையும் மடக்கி அதை வாங்கிக்கொள்கிறோம். உடம்போடு ஒட்டியிருக்கும் கேமராவுக்கு இந்தப் பாதுகாப்பு செலவில்லாமல் கிடைக்கிறது.

ஒரே ஒரு பெரிய பள்ளத்தில் எதுவும் உடைந்துவிடுவதில்லை. மணிக்கணக்கில் தொடரும் சிறு நடுக்கமே வேலையைக் காட்டுகிறது. லென்ஸுக்குள் இருக்கும் நுண்ணிய திருகுகள் கால் சுற்று, அரைச் சுற்று என்று தளர்கின்றன. ஒரு கண்ணாடித் தொகுதி இம்மியளவு சாய்ந்தாலும் படத்தின் ஒரு மூலை மட்டும் மங்கலாக விழத் தொடங்கும். வாடிக்கையாளர் ஃபோகஸ் சரியில்லை என்று சொல்லிக் கொண்டு வருவார், பிரித்துப் பார்த்தால் தளர்ந்த திருகு ஒன்று உள்ளே உருண்டுகொண்டிருக்கும்.

உங்கள் லென்ஸில் கை நடுக்கத்தை ஈடுசெய்யும் விஆர் அமைப்பு இருக்கிறது. படம் எடுத்த வேகத்தில் சுவிட்சை அணைத்துப் பைக்குள் திணிக்காமல், பொத்தானிலிருந்து விரலை எடுத்து, வியூஃபைண்டரில் காட்சி அசையாமல் நின்ற பிறகு அணையுங்கள். விஆர் இயங்கிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றுவிட்டால், லென்ஸை ஆட்டும்போது கடகடவென்று சத்தம் கேட்கலாம். அது பழுதன்று, மீண்டும் கேமராவை இயக்கினால் சரியாகிவிடும் என்று நிக்கானின் கையேடுகளே சொல்கின்றன. ஆனால் அந்த நிலையிலேயே கேரியரில் வைத்து 70, 80 கிலோமீட்டர் ஓட்டுவதை என்னால் பரிந்துரைக்க முடியாது. இன்னொன்று, பைக்குள் வைக்கும்போது ஜூமை 70க்குச் சுருக்கி வையுங்கள்; நீட்டிய குழாய்தான் முதலில் ஆட்டம் கொடுக்கும்.

வியர்வையையும் சாதாரணமாக எண்ண வேண்டாம். ஓட்டும்போது படும் ஈரத்தைவிட, வீடு திரும்பிய களைப்பில் நனைந்த பைக்குள்ளேயே கேமராவை மறுநாள்வரை விட்டுவிடுவதே ஆபத்து; சென்னையின் காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடிக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. வந்தவுடன் வெளியே எடுத்துத் துடைத்து, பை தனியாகவும் கேமரா தனியாகவும் காயட்டும். கேளம்பாக்கம், கோவளம் பக்கம் போன நாளில் முதலில் லேசாக நனைத்துப் பிழிந்த துணியாலும் பிறகு உலர்ந்த துணியாலும் வெளிப்புறத்தைத் துடைத்தால் உப்பு போய்விடும்.

இடுப்புப் பை

திருப்புளி ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உடம்பில் என்றால் முதுகில்தான் என்று ஏன் கொள்ள வேண்டும்? இரண்டு கேமராப் பைகளையும் பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: 900 கிராம் எடைக்கு முதுகுப் பை தேவையே இல்லை, இடுப்பில் கட்டும் பை போதும். ஓட்டும்போது அது பின்னால், வால் எலும்புக்கு மேலே உட்கார்ந்திருக்கும். முதுகு முழுவதும் காற்றோட்டமாக இருக்கும். நிறுத்தியதும் ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே பையை வயிற்றுப் பக்கம் திருப்பினால் கேமரா கைக்கு வந்துவிடும். இறங்கவோ ஸ்டாண்டு போடவோ தேவையில்லை. கொக்கு, நாரை வகைகளுக்கு நாம் இறங்கி நிற்பதுதான் பிடிக்காது. வண்டியின் மேலேயே அசையாமல் இருந்தால் பல நேரங்களில் பொறுத்துக்கொள்கின்றன.

வாங்கும்போது இடுப்புப் பட்டையின் அகலத்தைப் பாருங்கள். இரண்டு விரல் அகலமே உள்ள பட்டை சதையை வெட்டும். உள்ளங்கை அகலத்துக்கு மெத்தை வைத்தது வேண்டும். தோளுக்குக் குறுக்கே ஒரு துணைப் பட்டையும் இருந்தால் எடை கீழே வழுகாது. அது இல்லாத பைகள் நாம் மிதிக்கும் தாளத்துக்கு ஏற்ப மெல்ல மெல்ல இறங்கி இருக்கையின் பின்புறத்தில் இடிக்கத் தொடங்கிவிடும்.

கேமராவைப் பையே இல்லாமல் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஓட்டுபவர்களும் உண்டு. நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்காகத் தெரு மனிதர்களின் உடைகளைப் படமெடுத்த பில் கன்னிங்காம், 2016இல் மறையும்வரை மன்ஹாட்டன் தெருக்களில் அப்படித்தான் மிதிவண்டியில் சுற்றினார். அவர் வைத்திருந்தது சிறிய லென்ஸ், ஓட்டியது நகரத்தின் நிதான வேகத்தில். 300 மி.மீ. லென்ஸ் கழுத்தில் ஆடினால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்காலில் இடிக்கும்.

ஜிஎஸ்டி சாலை

நீண்ட தூரம் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஹேண்டில்பார் பைதான். வேடந்தாங்கலுக்குப் போக வர ஒரு நாள் முழுவதும் இடுப்பில் கட்டிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள், செங்கல்பட்டு தாண்டும்போதே பட்டையை எப்போது அவிழ்ப்போம் என்று இருக்கும். ஹேண்டில்பார் பையில் கேமரா எப்போதும் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. மூடியைத் திறந்தால் போதும். கழற்றிக்கொண்டு தேநீர்க் கடைக்குள் போகலாம். முன்சக்கரத்தின் அதிர்ச்சி அதற்கு வராதா என்று கேட்பார்கள். வரும். ஆனால் நம் கைகளின் எடை ஹேண்டில்பாரை அழுத்திக்கொண்டிருப்பதால், வெறுமனே பின்னால் நிற்கும் கேரியரைப்போல அது துள்ளுவதில்லை.

பையை ஹேண்டில்பாரின் தண்டுக்கு எவ்வளவு நெருக்கமாக மாட்ட முடியுமோ அவ்வளவு நெருக்கமாக மாட்டுங்கள். முன்னால் தள்ளித் தொங்கினால் மெதுவாகப் போகும்போது வண்டி தானாக ஒரு பக்கம் திரும்பப் பார்க்கும். பிரேக் கேபிளும் கியர் கேபிளும் பைக்குப் பின்னால் மடிந்து நசுங்கவில்லையே என்று ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிச் சோதிக்க வேண்டும். நாம் இருட்டோடு கிளம்புகிறவர்கள், ஆகவே முன்விளக்கைப் பை மறைத்தால் விளக்கைக் கீழே ஃபோர்க்குக்கு மாற்றிவிடுங்கள். கம்பி பிரேக் உள்ள பழைய வகை வண்டிகளுக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது.

பையைவிட முக்கியமானது டயரின் காற்று என்பது என் கருத்து. பலரும் கல்லைப்போல இறுக்கமாக அடித்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். டயரின் பக்கவாட்டில் எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை அடிக்கலாம் என்று அச்சிட்டிருக்கும். உங்கள் எடை அதிகமில்லை என்றால் அதன் கீழ் எல்லையை ஒட்டி அடித்துப் பாருங்கள். மணிக்கட்டுக்குத் தெரியும் வேறுபாடு கேமராவுக்கும் தெரியும்.

கூழைக்கடா

எல்லோரும் 900 கிராமை வைத்தே பேசுகிறீர்கள். என்னுடைய 200-500 மி.மீ. லென்ஸ் மட்டுமே 2,300 கிராம். கேமராவையும் சேர்த்தால் 3 கிலோவைத் தாண்டும். அதை இடுப்பில் கட்ட முடியாது, ஹேண்டில்பாரில் மாட்டினால் வண்டியைத் திருப்ப முடியாது, முதுகில் சுமந்தால் 30 கிலோமீட்டருக்குமேல் கழுத்து பேசத் தொடங்கிவிடுகிறது. எனக்குக் கேரியர்தான் வழி.

இருசக்கர வாகனங்களுக்குச் சீட் தைக்கும் கடையில் கொடுத்து, கேரியரின் பக்கவாட்டில் தொங்கும்படி ரெக்சின் பை ஒன்று செய்துகொண்டேன். எல்லாப் பக்கமும் மெத்தென்ற ஃபோமை வைத்துவிடலாம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும்; தைப்பவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மெத்தென்ற ஃபோம் கனமான பொருளின் கீழ் முழுவதும் அமுங்கிவிடும், அதன் பிறகு பள்ளத்தில் அது இருந்தும் பயனில்லை என்றார். அடியில் மெத்தைக்குப் போடும் கெட்டியான ரீபாண்டட் ஃபோமை இரண்டு அங்குலத்துக்கு வைத்து, பக்கங்களில் மட்டும் மிருதுவானதை வைத்தார். லென்ஸையும் கேமராவையும் பிரித்துத் தனித்தனி அறைகளில் படுக்க வைக்கிறேன்; கனமான லென்ஸோடு பொருந்திய நிலையில் ஆடினால் இரண்டும் சேரும் மவுண்ட்டில்தான் சுமை விழும். பை ஆடாமல் இருக்கப் பழைய டியூபை நீளவாக்கில் வெட்டிய ரப்பரால் கேரியரோடு இறுக்கிக் கட்டுகிறேன். கடையில் விற்கும் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிற்றைவிட இது நழுவாமல் பிடிக்கிறது. பால்காரர்களுக்கு எப்போதோ தெரிந்த செய்திதான்.

வழியில் பறவை கிடைத்தால் எடுக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்த ஏற்பாடு ஓரிடத்துக்குப் போய் உட்கார்ந்து எடுப்பவர்களுக்கானது.

திருப்புளி

கூழைக்கடா அவர்களின் பையைக் குறை சொல்ல மாட்டேன். அந்த எடைக்கு அடியில் கெட்டி ஃபோம் என்பது முற்றிலும் சரி. ஆனால் ஏரிக்கரைப் புழுதியில் நின்று லென்ஸை மாட்டும்போது கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டவரின் 415 கிராம் லென்ஸைப் பிரிக்கவே தேவையில்லை.

பெரும்பாக்கத்துக் கொக்கு

அனைவருக்கும் நன்றி. ஏரிகளுக்கு இடுப்புப் பை என்று முடிவு செய்துவிட்டேன்; வேடந்தாங்கலுக்கு மட்டும் ஹேண்டில்பார் பையை நண்பரிடம் இரவல் வாங்கிப் பார்க்கிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள். இடுப்பில் கட்டிக்கொண்டு விழுந்தால் என்ன ஆகும்? வழி பார்ப்பதற்காகக் கைபேசியை ஹேண்டிலில் ஒரு பிடிப்பானில் மாட்டுகிறேன், அதன் கேமராவுக்கும் இந்த அதிர்வு ஆகாதா?

இடுப்புப் பை

விழும்போது பெரும்பாலும் பக்கவாட்டில்தான் விழுகிறோம். இடுப்பெலும்பும் தோளும் கையும் முதலில் தரையைத் தொடும். ஆகவே பையை நடு முதுகுக்கு நேராக வைத்து இறுக்குங்கள், பக்கவாட்டில் ஒதுங்க விடாதீர்கள். சாவிக்கொத்து, மடக்குக் கத்தி, பஞ்சர் ஒட்டும் கருவிகள் எதையும் அந்தப் பையில் போட வேண்டாம். அவை லென்ஸையும் கெடுக்கும், நம் முதுகெலும்பையும் பதம் பார்க்கும். அவற்றுக்கு இருக்கைக்கு அடியில் தனிப் பை உண்டு.

திருப்புளி

கைபேசியைப் பற்றி: ஆப்பிள் நிறுவனம் 2021இல் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. சக்தி வாய்ந்த மோட்டார் சைக்கிள் இன்ஜின்களின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாக நீண்ட காலம் தொடர்ந்து தாக்கினால், ஐபோன் கேமராவின் நடுக்கத் தடுப்பும் தானியங்கி ஃபோகஸும் திறன் குறையக்கூடும் என்றும், ஆகவே ஐபோனை அத்தகைய வண்டிகளில் மாட்ட வேண்டாம் என்றும் அதில் சொல்லியிருந்தது. ஸ்கூட்டர் போன்றவற்றில் அதிர்வு குறைவு என்றாலும் அதிர்வைத் தணிக்கும் பிடிப்பானைப் பயன்படுத்தச் சொன்னார்கள். மிதிவண்டியில் இன்ஜின் இல்லை, ஆகவே அந்த எச்சரிக்கை நமக்கு அப்படியே பொருந்தாது. இருந்தாலும் நாள் முழுவதும் கெட்டியான பிளாஸ்டிக் பிடிப்பானில் மாட்டி வைக்க வேண்டிய அவசியம் என்ன? வேடந்தாங்கலுக்கு ஜிஎஸ்டி சாலையை விட்டுத் திரும்ப வேண்டிய இடம் படாளம் கூட்டுரோடு. அங்கே ஒரு முறை நிறுத்தி வழியைப் பார்த்துக்கொண்டால் போதும், கைபேசி சட்டைப் பையிலேயே இருக்கலாம்.