மலையில வீடு கட்டி மாட்டிக்கிட்ட கதை: உங்களுக்கு என்ன நடந்தது?

கோத்தகிரிக்காரன்:
நீலகிரியில வீடு 7 மீட்டருக்கு மேல உயரக்கூடாதுங்கற விதி எனக்கும் தெரியும், எங்க இன்ஜினியருக்கும் தெரியும். ரோட்டுப் பக்கம் அளந்தா 6.20தான். அளக்க வந்தவர் ரோட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. நேரா பின்பக்கப் பள்ளத்துல, தேயிலைச் செடிக்கு நடுவுல இறங்கி நின்னுட்டு, "மேலேர்ந்து டேப்பை விடுங்க"ன்னார். கூரை முனையில குப்புறப் படுத்து நான்தான் விட்டேன். காத்துல டேப் ஆடுது. 7.40ன்னு எழுதிட்டார். "சார், காத்து..."ன்னேன். "காத்துக்கு 40 சென்டிமீட்டரா?"ன்னார். கூரையைப் பிரிச்சு இறக்கின செலவுகூட மறந்துபோச்சு. டேப்பைப் பிடிச்சது என் கை, அதுதான் இன்னும் உறுத்துது.

கேத்தி அக்கா:
தம்பி, கோவிச்சுக்காதீங்க. இந்த உயரக் கட்டுப்பாடு 1993 மாஸ்டர் பிளான் காலத்துலேர்ந்தே இருக்கு. சரிவுல எந்த மட்டத்துலேர்ந்து அளப்பாங்கன்னு பிளான் போடுறப்பவே கேட்டிருக்கணும். காத்து மேல பழி போட்டா எப்படி?

எங்க கதை 2009 நவம்பர். கேத்தியில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் மழை. ராத்திரி ரெண்டு மணிக்கு உருளைக்கிழங்கு மூட்டையை அவுத்துக் கொட்டுன மாதிரி சத்தம். லைட் போட்டா சமையல்கட்டுல அடுப்பைக் காணோம், அந்த இடத்துல தடுப்புச்சுவர் கல்லு. அந்தச் சுவத்துல தண்ணி போக ஒரு குழாய்கூட விடல.

அதனால சொல்றேன். மண்ணைச் செங்குத்தா வெட்டாதீங்க, படிப்படியா வெட்டுங்க. சுவருக்குப் பின்னாடி ஜல்லி நிரப்பி, வரிசையா குழாய் விடுங்க. மேல் பக்கம் வாய்க்கால் எடுத்து மழைத்தண்ணியைத் திருப்பி விடுங்க. செப்டிக் டேங்க் தண்ணியைச் சுவர் பக்கம் இறக்காதீங்க. ராத்திரியோட ராத்திரியா ஜேசிபி விட்டு முடிச்சுத் தர்றேன்னு எவனாவது வந்தா வாசல்லயே அனுப்பிடுங்க. கலெக்டர் அனுமதி இல்லாம இங்க அதை இறக்கக்கூடாது. மழைக்காலத்துல அஸ்திவாரமே தோண்டாதீங்க. அப்புறம் மேல் வீட்டுக்காரங்ககிட்ட சண்டை வெச்சுக்காதீங்க. அவங்க தண்ணி உங்க பக்கம்தான் வரும்.

கூடலூர் பையன்:
அக்கா, அந்த அண்ணன் அட்வைஸ் கேக்கலையே!

எங்களுக்கு அளக்க ஆளே வரமாட்டாங்க. பிரிவு 17 நிலம். ஜென்மிங்கற பழைய நிலச்சுவான்தார் உரிமையை ஒழிச்ச 1969 சட்டத்துல, யாருக்குன்னு தீராம கிடக்குற பிரிவு அது, கேஸுன்னு தாத்தா காலத்துலேர்ந்து இழுக்குது. பட்டா இல்ல, அதனால பிளானும் இல்ல. கரண்டு கேட்டு மனு கொடுக்கப் போனப்ப கவுன்டர்ல இருந்தவர் சர்வே நம்பரைப் பாத்தார், என் மனுவை மடிச்சு என் சட்டைப் பையிலயே வெச்சார். ஒரு வார்த்தை பேசல. போஸ்ட் மரம் எங்க வாசல்லேர்ந்து இருபதடி.

கோத்தகிரிக்காரன்:
தம்பி, உன் கதைக்கு முன்னாடி என்னுது ஒண்ணுமே இல்ல.

அக்கா, குழாய் விட்டிருக்கேன், மொத்தம் ஏழு. போன மழையில மூணுல சொட்டுத் தண்ணி வரல. அடைச்சிருக்குமா?