புது ஏரியாவுக்கு வந்து மூன்று மாதம், "நம்ம கடை" என்று சொல்ல ஒன்றுகூட இல்லை

புதுக்குடி:
இதே நகரத்துக்குள் வேறு ஏரியாவுக்கு வீடு மாறி மூன்று மாதம் ஆகிறது. இன்னும் எனக்குத் தெரிந்தது வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகிற ஒரே வழிதான். பழைய இடத்தில் எந்தக் கடைக்கு எந்த நேரத்தில் போனால் என்ன கிடைக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், இங்கே ஒரு பொத்தான் தைக்க வேண்டுமென்றால்கூட ஃபோனை எடுத்துத் தேட வேண்டியிருக்கிறது. போன வாரம் மேப்பில் 4.9 போட்டிருந்த ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் 40 நிமிடம் நின்று உள்ளே போனோம். சுவர் அழகாக இருந்தது.

எந்த ஊர், எந்த ஏரியா என்று வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. சொன்னால் ஆளுக்குப் பத்துப் பெயர் கொடுத்துவிட்டுப் போய்விடுவீர்கள், அடுத்த முறை வீடு மாறும்போது மறுபடி இங்கேதான் வந்து நிற்பேன். சாப்பிட, உட்கார்ந்து ஏதாவது குடிக்க, சாமான் வாங்க, சும்மா சுற்ற என்று உங்களுக்குப் பிடித்துப்போன இடங்களை நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

மூணுஸ்டார்:
அந்த 4.9 எத்தனை பேர் போட்டது என்று பார்த்தீர்களா? முப்பது பேர் என்றால் அதில் பாதி முதலாளியின் சொந்தபந்தமாக இருக்கலாம். இரண்டாயிரம் பேர் சேர்ந்து 4.3 கொடுத்த கடையைத்தான் நான் நம்புவேன், அத்தனை பேரில் எதற்கெடுத்தாலும் சண்டை போடுகிறவர்களும் இருப்பார்கள், அவர்களையும் தாண்டி அந்த எண் நிற்கிறது. ஐந்து நட்சத்திர விமர்சனத்தையும் ஒற்றை நட்சத்திரத்தையும் நான் படிப்பதே இல்லை. மூன்று கொடுத்தவர்தான் "சாப்பாடு பரவாயில்லை, ஞாயிறு மட்டும் போகாதீர்கள், படி செங்குத்து" என்று உருப்படியாக எழுதுவார். புதியவை மேலே வரும்படி மாற்றிப் படியுங்கள். சமையல்காரர் மாறியிருந்தால் போன வருடப் புகழெல்லாம் வேறு ஆளுடையது.

கடைக்காரர்கள் ஏன் நட்சத்திரத்துக்கு இப்படி அலைகிறார்கள் என்றால், அதில் காசு இருக்கிறது. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலின் மைக்கேல் லூக்கா 2011-ல் சியாட்டில் உணவகங்களை வைத்துக் கணக்குப் பார்த்தார். யெல்ப் என்கிற விமர்சனத் தளத்தில் ஒரு நட்சத்திரம் ஏறினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை ஏறுகிறது, அதுவும் தனிக்கடைகளுக்குத்தான், ஊரெல்லாம் கிளை வைத்திருக்கிறவர்களுக்கு அந்த ஏற்றம் இல்லை. அமெரிக்காவில் போலி விமர்சனம் வாங்கவோ விற்கவோ கூடாது என்று 2024-ல் தனி விதியே போட வேண்டியதாயிற்று. இதற்கெல்லாம் முன்னோடியான மிஷ்லின் வழிகாட்டியே 1900-ல் டயர் கம்பெனி வெளியிட்டதுதானே, ஆட்கள் காரை எடுத்துக்கொண்டு நாலு இடம் சுற்றினால் டயர் தேயும் என்று. சாப்பாட்டுக்கு நட்சத்திரம் 1926-ல்தான் வந்தது.

நடைவாசி:
ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டு நடங்கள். சாதாரண நடையில் 15 நிமிடத்தில் ஒன்றேகால் கிலோமீட்டர் போகலாம். வீட்டை நடுவில் வைத்து அந்தத் தூரத்துக்கு ஒரு வட்டம் போட்டால் கிட்டத்தட்ட 5 சதுர கிலோமீட்டர், அதில் நீங்கள் பார்த்திருப்பது ஒரே ஒரு கோடு. பாரிஸில் இருக்கும் பேராசிரியர் கார்லோஸ் மொரேனோ 2016-ல் "15 நிமிட நகரம்" என்று ஒன்றை முன்வைத்தார், அன்றாடத் தேவையெல்லாம் கால் மணி நேர நடையிலோ சைக்கிளிலோ எட்டிவிட வேண்டும் என்று. நகர நிர்வாகம் அதைச் செய்து தரும்போது தரட்டும், உங்கள் வட்டத்துக்குள் ஏற்கனவே என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

நான் ஒரே தெருவை மூன்று நேரத்தில் நடப்பேன். காலை ஆறரைக்குப் போனால் எந்தக் கடையின் பின்வாசலில் காய்கறி இறங்குகிறது என்று தெரியும். மதியம் ஒன்றரைக்கு டாக்ஸிக்காரர்களும் டெலிவரி ஆட்களும் எங்கே வண்டியை நிறுத்திச் சாப்பிடுகிறார்கள் என்று தெரியும். இரவு ஒன்பதரைக்கு எந்தச் சந்தில் விளக்கு எரிகிறது, எதில் இல்லை என்று தெரியும், தனியாக நடந்து வீடு திரும்புகிற பெண் என்பதால் எனக்கு மற்ற இரண்டையும்விட இதுதான் முக்கியம்.

சுற்றிப் பார்க்க வேண்டுமென்றால், வீட்டுப் பக்கம் வருகிற பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, முடிந்த தூரம் நடந்து திரும்புங்கள். நேர்நேராகப் போகிற தெருக்களுக்கு நடுவே ஒன்று மட்டும் வளைந்து நெளிந்து போனால் அதை விடாதீர்கள். அங்கே ஒரு காலத்தில் ஓடையோ பழைய வண்டிப்பாதையோ இருந்திருக்கலாம், பழைய வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தனியாக நடக்க அலுப்பாக இருந்தால் ஜேன்ஸ் வாக் உங்கள் ஊரில் நடக்கிறதா பாருங்கள், 2007-ல் டொரண்டோவில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியது, மே மாத முதல் வார இறுதியில் அந்தந்த ஏரியாக்காரர்களே இலவசமாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள்.

சந்துமுனை:
டாக்ஸிக்காரர் நிறுத்தினால் நல்ல சாப்பாடு என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், வண்டி நிறுத்த இடம் எங்கே இருக்கிறதோ அங்கே நிறுத்துகிறார்கள், அவ்வளவுதான். அப்புறம் "மெயின் ரோட்டில் வாடகை அதிகம், அந்தக் காசை உங்களிடம்தான் வாங்குவார்கள், சந்துக்குள் போங்கள்" என்று அடுத்து யாராவது வந்து சொல்வார், அதுவும் பாதிதான் சரி. சந்துக் கடைக்கு ஆள் வராவிட்டால் காலையில் செய்தது சாயங்காலம் வரை பாத்திரத்திலேயே கிடக்கும். சமைத்ததைப் பரிமாறும் வரை 60 டிகிரிக்கு மேல் சூடாக வைக்க வேண்டும், 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே ஆறவிடக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாம் என்ன தெர்மாமீட்டரா கொண்டுபோகிறோம், கூட்டத்தைப் பார்த்துத்தான் போக வேண்டும். நான் பெருமையாகக் "கண்டுபிடித்த" ஒரு சந்துக் கடையால் இரண்டு நாள் எழுந்திருக்கவே இல்லை. அதிலிருந்து மெனு சின்னதாக இருக்கிறதா, மேஜைகள் காலியாகக் காலியாக நிரம்புகின்றனவா என்று இரண்டைத்தான் பார்க்கிறேன்.

குடிக்கிற இடத்துக்குக் கணக்கே வேறு. வார நாளில் மதியம் மூன்று மணிக்கு ஒரே ஒரு காபி வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருங்கள். சுத்தமாக இருக்கிற மேஜையைத் துடைக்க யாராவது திரும்பத் திரும்ப வந்தால் அது உங்கள் இடம் இல்லை. வீடு, வேலையிடம், இவை தவிர மூன்றாவதாக ஓர் இடம் மனிதருக்கு வேண்டும் என்று எழுதினார் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க். காபி சுமாராக இருந்தாலும் அங்கே நிம்மதியாக உட்கார முடிய வேண்டும்.

ஓட்டைக்குடை:
பொத்தான் கதைக்கு வருகிறேன். முதலில் பழுது பார்க்கிற ஆட்களைப் பிடியுங்கள், தையல்காரர், செருப்பு தைப்பவர், சாவி போடுகிறவர். நாளெல்லாம் ஒரே இடத்தில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் அவர்கள். "இங்கே நல்ல சாப்பாட்டுக் கடை எது" என்று மட்டும் கேட்காதீர்கள், வெளி ஆளுக்குச் சொல்கிற பெயரைத்தான் சொல்வார்கள். "இன்றைக்கு மதியம் நீங்கள் எங்கே சாப்பிட்டீர்கள்" என்று கேளுங்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்தேன் என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

சாமான் வாங்குகிற கடைக்கு என் சோதனை, சின்னதாக ஒன்றை வாங்கி அடுத்த நாள் மாற்றப் போவது. முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். குழாயையே மாற்ற வேண்டும் என்று நான் போய் நின்றபோது "வாஷர் மட்டும் போதும்" என்று அனுப்பிவைத்தவரிடம்தான் பதினோரு வருடமாக எல்லாமே வாங்குகிறேன்.

புதுக்குடி:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். செருப்பு தைப்பவரிடம் அப்படியே கேட்டேன். அவர் கைகாட்டிய இடம் என் கட்டடத்துக்கு நேர் பின்னால், மேப்பில் இல்லவே இல்லை. சந்துமுனை சொன்ன மாதிரி மெனு மொத்தம் ஐந்து வரி, எழுந்த உடனே அடுத்த ஆள் உட்காருகிறார். நாலு தடவை போய்விட்டேன், நேற்று நான் வாயைத் திறக்கும் முன்பே மூலை மேஜையில் தண்ணீரை வைத்துவிட்டார்கள். பொத்தான் மட்டும் இன்னும் தைக்கவில்லை, தையல்காரர் ஊருக்குப் போயிருக்கிறாராம்.

கடைப் பெயர் கேட்டு யாரும் தனியாகச் செய்தி அனுப்ப வேண்டாம், உள்ளே 12 பேர்தான் உட்கார முடியும்.