ஏழு புத்தகத்தைச் சேர்த்தது யார், எடுத்தது யார்?

முத்துநகரான்:
ஒரு போதகரின் பேச்சு வாட்சப்பில் எல்லா குரூப்பிலும் சுற்றுகிறது. "1546-ல் திரெந்து சங்கத்தில்தான், அதாவது ஆயர்கள் கூடிய திருச்சபைப் பேரவையில், கத்தோலிக்கர் தோபித்து, யூதித்து, மக்கபேயர் என்று ஏழு புத்தகத்தை வேதத்தில் சேர்த்தார்கள், அதுவரை வேதத்தில் 66 புத்தகம்தான்" என்கிறார். கூட்டம் அல்லேலூயா போடுகிறது. போன வாரம் இங்கேயும் ஒருவர் இதையே எழுதினார். பெயர் வேண்டாம், அவருக்கே தெரியும்.

கத்தோலிக்கனான எனக்கு ஒரே கேள்வி. புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரின் முழு ஜெர்மன் பைபிள் வந்தது 1534-ல். அதில் இந்தப் புத்தகங்களைத் தனியே பிரித்து இரண்டு ஏற்பாட்டுக்கும் நடுவில் வைத்தார். திரெந்து பட்டியல் போட்டது 1546 ஏப்ரல் 8. இல்லாத புத்தகத்தைப் பன்னிரண்டு வருஷம் முன்னாலேயே எப்படிப் பிரித்தார்?

தேரிக்காட்டான்:
அந்த ஒருவர் நான்தான் அண்ணாச்சி, பெயரைச் சொல்லியே எழுதலாம், பயமில்லை. "பிரித்து வைத்தார்" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். எடுக்கவில்லை. "வேதத்துக்குச் சமமில்லை, ஆனால் வாசிக்கப் பயனுள்ளவை" என்று மேலே குறிப்பும் போட்டார். இதைத்தான் நாலாம் நூற்றாண்டு முடிவிலேயே, பைபிளை லத்தீனில் தந்த உங்கள் புனித ஜெரோம் சொன்னார். எபிரேயத் தொகுப்புக்கு வெளியே உள்ளதைத் தள்ளுபடியில், அதாவது திருமுறைக்கு வெளியே, வை என்றார். அவரையும் புராட்டஸ்டண்ட் என்பீர்களா?

முத்துநகரான்:
ஜெரோம் சொன்னார், அப்புறம் ஆயர்கள் கேட்டதும் தோபித்தை ஒரே நாள் உழைப்பில் மொழிபெயர்த்தும் கொடுத்தார். அதை ஏன் விட்டீர்கள்? 393-ல் ஹிப்போ, 397-ல் கார்த்தேஜ், இரண்டு சங்கத்திலும் இவை பட்டியலில் இருந்தன. 1442-ல் புளோரன்ஸ் சங்கத்திலும். கூட்டன்பர்க் அச்சடித்த பைபிளைத் திறந்தால் அதிலும் தோபித்து இருக்கிறார், நாயோடு சேர்த்து. எனக்குப் பதில் வரவில்லை. 1534 முந்தியா, 1546 முந்தியா?

ஞானதீபம்:
சகோதரர்களே, ஒன்று கேட்கலாமா? திருமுறை என்று எதைச் சொல்கிறோம்? கோயிலில் வாசிக்கப்படும் புத்தகமா, உபதேசத்துக்கு ஆதாரமாகும் புத்தகமா? நீங்கள் ஒன்றை நினைத்துப் பேசுகிறீர்கள், அவர் இன்னொன்றை. இதைத் தீர்த்துவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

தேரிக்காட்டான்:
திரெந்தில் என்ன நடந்தது தெரியுமா? 24 பேர் ஆதரவு, 15 பேர் எதிர்ப்பு, 16 பேர் பட்டும் படாமலும். உலகத் திருச்சபையின் வேதம் 24 ஓட்டில் முடிவானது. எங்கள் ஊர் கூட்டுறவு சங்கத் தேர்தலில்கூட இதைவிட அதிகம் விழும்.

முத்துநகரான்:
அந்த ஓட்டு எதற்கு என்று படித்தீர்களா? பட்டியலை ஏற்காதவனுக்குச் சாபம் போட்டு ஆணையிடலாமா என்பதற்கு. புத்தகம் உண்டா இல்லையா என்பதற்கு இல்லை. 1534-க்குப் பதில்?

தேரிக்காட்டான்:
ஆக, சாபம் போடுவதிலேயே 31 பேருக்கு மனசு வரவில்லை!

மூலைக்கல்:
கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நேபுகாத்நேச்சார் நினிவேயில் ஆண்ட அசீரிய ராஜா என்று யூதித்தின் முதல் வசனமே சொல்கிறது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகூடச் சிரிக்கும். அவர் ஆண்ட பாபிலோன் எங்கே போயிற்று பிரதர்?

முத்துநகரான்:
வாங்க பிரதர், விடிய விடிய ஒலிபெருக்கி ஜெபம் முடிந்ததா? யூதித்தைக் கதை வடிவில் எழுதப்பட்டது என்று எங்கள் விளக்கவுரையே சொல்கிறது. இயேசு சொன்ன உவமையில் வரும் ஊதாரி மகன் எந்த ஊர், அவன் அப்பா பெயர் என்ன என்று நீங்கள் கேட்பதுண்டா?

தேரிக்காட்டான்:
உண்மையான காரணத்துக்கு வாருங்கள். 2 மக்கபேயர் 12. போரில் செத்தவர்களுக்காக யூதத் தளபதி யூதா மக்கபே இரண்டாயிரம் திராக்மா வசூலித்து, பாவப் பலி செலுத்த எருசலேமுக்கு அனுப்புகிறார். செத்தவர்கள் பாவம் தீரும்வரை இருப்பார்கள் என்று நீங்கள் சொல்லும் உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு உங்களுக்கு இருக்கிற பெரிய ஆதாரம் அதுதான். ஆனால் மூன்று வசனம் மேலே பாருங்கள். செத்த ஒவ்வொருவனின் சட்டைக்குள்ளும் யாம்னியா ஊர்ச் சிலைகளின் தாயத்து இருந்தது, அதனால்தான் செத்தார்கள் என்கிறது. விக்கிரக ஆராதனை உங்கள் கணக்கில் சாவான பாவம். சாவான பாவத்தோடு போனவன் நரகத்துக்கு அல்லவா போக வேண்டும்? பூசை வைத்து யாரை எங்கிருந்து மீட்டார்கள்?

முத்துநகரான்:
அவர்கள் கடைசி மூச்சில் மனம் வருந்தினார்களா என்று நீங்கள் பார்த்தீர்களா? யூதா பார்க்கவில்லை, அதனால் ஜெபித்தார். நானும் அதைத்தான் செய்கிறேன். 1519-ல் லைப்சிக் விவாதத்தில் கத்தோலிக்க அறிஞர் எக் இதே பகுதியைக் காட்டியபோது லூத்தரும் மாட்டிக்கொண்டார். உடனே "மக்கபேயர் திருமுறையில் இல்லை" என்றார். ஆதாரம் இடித்தால் புத்தகத்தையே தள்ளு! யாக்கோபு நிருபத்தை வைக்கோல் நிருபம் என்றவரும் அவர்தான்.

அப்புறம் கல்லறைப் பூ விஷயம். நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று உங்கள் ஊர்க் கல்லறையில் செவ்வந்தி மாலை யார் போடுகிறார்கள்? நான் கண்ணால் பார்த்தேன். மெழுகுவர்த்தியும் இருந்தது.

தேரிக்காட்டான்:
அது நினைவுகூரல். ஜெபமில்லை. வைக்கோல் என்றாலும் யாக்கோபை அவர் தூக்கிப் போடவில்லை, இன்றும் எங்கள் பைபிளில் இருக்கிறது. நாங்கள் ஆங்கிலிக்கன் வழி வந்தவர்கள். எங்கள் 39 கட்டளைகளில் ஆறாவது தெளிவாகச் சொல்கிறது: இந்தப் புத்தகங்களை நல்வாழ்வுக்கு வாசிக்கலாம், அவற்றை வைத்து உபதேசம் நிறுவக் கூடாது.

முத்துநகரான்:
வாசிக்கலாம் என்றால் புத்தகம் எங்கே? உங்கள் வீட்டு பைபிளை எடுத்து மல்கியாவைத் திருப்புங்கள், அடுத்த பக்கம் மத்தேயு. நடுவில் இருந்ததை யார் எடுத்தது? நான் சொல்கிறேன். 1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் இருந்தது. 1826-ல் லண்டன் பைபிள் சங்கம், ஸ்காட்லாந்துக்காரர்கள் போட்ட சண்டையில், இவற்றை அச்சிடப் பணம் தர முடியாது என்று தீர்மானம் போட்டது. வேதத்தைத் தீர்மானித்தது காசுக் கணக்கு.

அதைவிட முக்கியம், 1728. மிஷனரி சீகன்பால்கு தமிழில் முடிக்காமல் விட்ட பழைய ஏற்பாட்டை அவருக்குப் பின் வந்த சூல்ட்சே முடித்தார். தரங்கம்பாடியில், உங்கள் லூத்தரன் மிஷன் அச்சகத்தில், இதே புத்தகங்கள் தமிழில் அச்சாயின. நாங்கள் அச்சடிக்கவில்லை அண்ணாச்சி, நீங்கள் அச்சடித்தீர்கள்!

தேரிக்காட்டான்:
நன்றி. தமிழனுக்கு வேதத்தை அச்சில் கொடுத்தது யார் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். சவேரியார் உங்கள் கடற்கரைக்கு 1542-ல் வந்தார். புதிய ஏற்பாடு தமிழில் அச்சானது 1715, அதுவும் எங்கள் கையால். நடுவில் இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள், கொடியேற்றமா?

முத்துநகரான்:
தமிழ் எழுத்தில் முதல் அச்சுப் புத்தகம் எது? 1578, கொல்லம், தம்பிரான் வணக்கம். செய்தவர் எங்கள் கடற்கரையிலேயே வாழ்ந்த அண்ட்ரிக் அடிகளார். அச்சு என்றால் என்ன என்றே தெரியாத ஊரில் எழுத்து வார்த்தவர்கள் நாங்கள். அப்போது உங்கள் சீகன்பால்குவின் தாத்தா பிறந்திருந்தாரா என்று பார்த்துச் சொல்லுங்கள். வீரமாமுனிவர் உங்கள் ஆட்களுக்கு எழுதிய மறுப்பையும் ஒருமுறை வாசியுங்கள், தமிழாவது தேறும்.

தேரிக்காட்டான்:
தமிழ் பற்றி நீங்கள் பேசாதீர்கள். 1960-கள் வரை லத்தீனில் பூசை கேட்டுவிட்டு ஆமென் சொன்னவர்கள். தவக்காலத்தில் என் பதிவுக்குக் கீழே நீங்கள் போட்ட கிண்டலும் எனக்கு மறக்கவில்லை.

முத்துநகரான்:
சாம்பல் புதனை நீங்கள் அடுப்புச் சாம்பல் என்றதற்குப் போட்டது அது. ஆரம்பித்தது யார்?

சலேத்மேரி:
நான் ஆர்.சி., வீட்டுக்காரர் சி.எஸ்.ஐ. 1995-ல் இரண்டு சபையும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பில் இந்தப் புத்தகங்களை இணைத் திருமுறை என்று தனிப் பகுதியாகவே வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அதுதான். அவர் அந்தப் பக்கங்களைப் புரட்டமாட்டார், நான் புரட்டுவேன். இதுவரை யாரும் யாரையும் சபிக்கவில்லை.

தேரிக்காட்டான்:
பார்த்தீர்களா, தனிப் பகுதி! லூத்தர் செய்ததும் அதுதான்.

முத்துநகரான்:
பார்த்தீர்களா, உள்ளே இருக்கிறது! உங்கள் போதகர் 66 என்கிறார். சரி அக்கா, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் எங்கே கொடுத்தீர்கள்?

தேரிக்காட்டான்:
அதை ஏன் அவரிடம் கேட்கிறீர்கள்? கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்ப்பேன் என்று அந்தப் பெண்ணிடம் எழுதி வாங்கியிருப்பீர்கள்.

சலேத்மேரி:
நான் கேட்காததற்கெல்லாம் பதில் வருகிறது.

மூலைக்கல்:
குழந்தைக்குத் தெளித்தது ஞானஸ்நானமே இல்லை. இரண்டு பேருமே முழுக்கு எடுக்க வேண்டும். மாற்கு 16:16 வாசியுங்கள் பிரதர்.

தேரிக்காட்டான்:
ஐயா, நீங்கள் வேறே இழை தொடங்குங்கள். எங்கள் சபையில் குழந்தை ஞானஸ்நானம் எத்தனை தலைமுறையாக...

முத்துநகரான்:
ஆதாரம் வேதத்தில் எங்கே என்று அவர் கேட்கிறார். பதில் சொல்லுங்கள் அண்ணாச்சி, வேதம் மட்டுமே என்றவர் நீங்கள்தானே. இதை முடித்துவிட்டு 1534-க்கு வாருங்கள், நான் எங்கேயும் போகவில்லை.