வாய்க்கால் கரையில் பஞ்சர், ஜாக்கி மண்ணில் புதைகிறது

மன்னார்குடிக்காரன்:
திருத்துறைப்பூண்டி ரோட்டில் பின் டயர் பஞ்சர். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் நடவு வயல். மழையில் ஊறிய மண்ணில் ஜாக்கி வண்டியைத் தூக்காமல் தானே உள்ளே இறங்கிவிட்டது. டிராக்டர்காரர் ஒருவர் பலகை கொடுத்ததால் தப்பித்தேன். ஆளில்லாத இடத்தில் மாட்டினால் என்ன செய்வது?

தஞ்சாவூர் பட்டறை:
கரையோரத்தில் ஜாக்கியே போடாதீங்க அண்ணே. டயர் கிழிந்தாலும் போகட்டும், மெதுவாக உருட்டிக்கொண்டு கொள்முதல் நிலையக் களம் மாதிரி கெட்டியான சமதரைக்குப் போய்விடுங்கள். ஹேண்ட் பிரேக், முதல் கியர். மூலைக்கு மூலை எதிரே இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிடணும். தூக்கிய பிறகு ஸ்பேனரை மிதித்தால் வண்டி ஜாக்கியை விட்டு நழுவும். பட்டறையில் பையன்களிடம் தினமும் இதற்குத்தான் கத்துகிறேன். ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில் படுக்கப் போடுங்கள், ஜாக்கி சரிந்தாலும் அது தாங்கும். மாட்டும்போது ஒரு நட்டு, அடுத்து அதற்கு எதிரே இருக்கும் நட்டு என்று மாற்றி மாற்றி முறுக்கி, 50 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தடவை பாருங்கள். டிக்கியில் ஒரு தடிமனான பலகைத் துண்டு கிடக்கட்டும்.

நீடாமங்கலம்:
அறுவடை நேரத்தில் பாதி ரோட்டில் நெல் காயும். எதிரே வருபவன் அதற்கு ஒதுங்கி உங்கள் மேலேயே வருவான். ஹஸார்டு லைட், ரோட்டில் வைக்கும் எச்சரிக்கை முக்கோணம் இரண்டும் கட்டாயம். பிள்ளைகளை இறக்கித் தள்ளி நிறுத்துங்கள், வாய்க்கால் பக்கம் வேண்டாம்.

மன்னார்குடிக்காரன்:
நன்றி. இப்போதுதான் ஸ்டெப்னியை அழுத்திப் பார்த்தேன், அதிலும் காற்று இல்லை!